கல்வராயன் 12

கள்ளக்குறிச்சியில் விஸ்கி குடிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். விஸ்கியை மதிக்கத் தெரிந்தவர்கள் நான்கே பேர் என்பது எங்கள் நான்கு பேருடைய உறுதியான கருத்து. ஒரு வக்கீல், ஒரு பல் டாக்டர், ஓர் அரிசி மில் முதலாளி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அச்சகம் வைத்திருக்கும் நான். நால்வரும் சேர்ந்து வாட்ஸாப்பில் 'மால்ட் மன்றம்' என்று ஒரு குழு வைத்திருந்தோம். மற்ற குழுக்களில் காலையில் ரோஜாப்பூவும் சாமி படமும் வரும். எங்கள் குழுவில் பாட்டில் வரும்.

புதிதாக யார் பாட்டில் வாங்கினாலும் படம் போட வேண்டும். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, பெட்டியோடு ஒன்று. பின்பக்கம் போடாதவரை மன்றம் சும்மா விடாது. "டாக்டர், திருப்பிக் காட்டுங்க. சின்ன எழுத்துல இன்னா போட்டிருக்கான்னு பாக்கணும்" என்று வக்கீல் எழுதுவார். கட்சிக்காரரின் பத்திரத்தைப் படிக்க மூன்று வாய்தா வாங்குகிறவர், பாட்டிலின் பின்பக்கத்தை மூன்று நிமிடத்தில் படித்து முடிப்பார்.

லேபிள் விஷயத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கொள்கை இருந்தது. வக்கீலுக்கு வயது முக்கியம். பன்னிரண்டு வருடம் என்று அச்சடித்திருந்தால் அது வாக்குமூலம். வயது போடாத பாட்டில் குறுக்கு விசாரணைக்குப் பயந்து ஓடும் சாட்சி. டாக்டருக்கு நிறம் முக்கியம். 'இயற்கை நிறம்' என்று எழுதியிருக்க வேண்டும். கருக்கிய சர்க்கரை சேர்த்து நிறமேற்றிய விஸ்கியை அவர் மனிதன் குடிக்கிற பொருளாகவே கணக்கில் எடுப்பதில்லை. மில் முதலாளியின் கொள்கை எளிமையானது. பெட்டியைக் கையில் தூக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால் நல்ல விஸ்கி.

நான் இந்த மன்றத்தில் சேர்ந்ததே லேபிளால்தான். விதைப் பாக்கெட், அரிசிப் பை, ஊறுகாய்ப் பாட்டில் என்று இருபது வருடமாக லேபிள் அடிக்கிறவன் நான். ஒருநாள் டாக்டர் ஒரு பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, "இது இன்னா காகிதம்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். ஓரம் கிழிந்த மாதிரி வெட்டிய கெட்டிக் காகிதம், எழுத்து புடைத்து நிற்க மேடு தட்டியது, தங்க ரேக்கு சூடாக ஒட்டியது என்று சொன்னேன். அவர் கண் கலங்காத குறை. அடுத்த ஞாயிறே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அவர்களிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. என் நாக்குக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. எந்த விஸ்கியும் முதலில் எரியும், பிறகு பழகும், அவ்வளவுதான். ஞாயிறு பதினொரு மணிக்கு மில்லின் மாடி அறையில் கூடுவோம். டாக்டர் மூக்கைக் கோப்பைக்குள் விட்டு, "வெல்லப்பாகு... பின்னாடி லேசா உலர்ந்த திராட்சை" என்று ஒருமுறை நோட்டில் எழுதினார். கரும்பு ஆலை ஓடுகிற மாதம் அது. ஊர்க்காற்றே மொலாசஸ் நாற்றத்தில் மிதக்கும். ஜன்னலைச் சாத்தினேன். மறுபடி முகர்ந்தபோது அவருக்குத் திராட்சை இருந்தது, வெல்லப்பாகு காணாமல் போனது. அதற்காக அவர் நோட்டைத் திருத்தவில்லை. நானும் நாகரிகமாகத் தலையாட்டினேன். என் முறை வரும்போது, "எழுத்துரு அருமை" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். அதையே ஆழமான கருத்து என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்படி இருக்கும்போது மில் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு பாட்டிலிலும் கடைசியில் மிஞ்சும் ஒரு விரல் அளவை ஒரே கண்ணாடி ஜாடியில் ஊற்றி வைப்பது. வெளிநாடுகளில் ரசிகர்கள் அப்படிச் செய்கிறார்களாம். மிச்சத்தை ஒன்றாகக் கொட்டி வைப்பதற்கு எங்கள் வீடுகளில் வேறு பெயர் உண்டு, அதை மாட்டுக்கு வைப்பார்கள். ஆனால் ஆங்கில வீடியோவில் ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு செய்ததால் இது கலையாகிவிட்டது. ஒரு வருடம் ஊற்றினோம். ஜாடி நிறைந்தது.

"இத நல்ல பாட்டில்ல மாத்தி, நம்ம பேருல ஒரு லேபிள் ஒட்டிடலாம்" என்றார் முதலாளி. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. ஊறுகாய்க்கும் கத்தரி விதைக்கும் அடித்துச் சலித்தவனுக்கு இது பட்டாபிஷேகம்.

பெயருக்கு இரண்டு ஞாயிறு போனது. மேற்கே தெரியும் மலையின் பெயரையே வைப்பது என்று முடிவாயிற்று. அந்த மலைக்கும் ஜாடியில் இருப்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை யாரும் எழுப்பவில்லை. 'கல்வராயன் 12'. கீழே 'மலைச்சாரலின் மௌனத்தில் முதிர்ந்தது' என்று ஒரு வரி. ஜாடி முதிர்ந்தது மில்லின் மாடியில், நெல் அவிக்கும் பாய்லருக்கு நேர் மேலே.

அச்சகத்தில் டிசைன் வேலை முழுவதும் ஒரு பெண்ணின் பொறுப்பு. பக்கத்து ஊரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவள், முப்பது வயது இருக்கும், எட்டு வருடமாக என்னிடம் இருக்கிறாள். அவளிடம் விவரத்தைச் சொன்னேன். திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பன்னண்டுன்னா இன்னா சார்?"

"வயசு."

"யார் வயசு?"

"உள்ள இருக்கறதோட வயசு."

"போன வருசம்தான சார் ஊத்த ஆரம்பிச்சீங்க?"

சராசரியை விளக்கினேன். ஒன்று பதினெட்டு வருடம், இரண்டு பதினைந்து, ஆறு பன்னிரண்டு, மீதி இரண்டு வயது போடாதவை.

"வயசு போடாததுக்கு எவ்ளோ வச்சீங்க?"

"ஆறு."

"அத யாரு சொன்னது?"

"வக்கீல் சார்."

"ரைட்டு சார்" என்று திரும்பிக்கொண்டாள்.

அவள் செய்த லேபிளைப் போல என் அச்சகத்திலிருந்து அதற்கு முன்னால் எதுவும் வெளியே போனதில்லை. மங்கிய மஞ்சள் காகிதம், மலையின் கோட்டோவியம், தங்கத்தில் பன்னிரண்டு. அடியில் மட்டும் 'மது அருந்துவது உயிருக்குக் கேடு' என்று ஒரு வரி வைத்திருந்தாள். மாதிரியைக் குழுவில் போட்டேன். அந்த வரி அழகைக் கெடுக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று டாக்டர் எழுதினார். அவளிடம் சொன்னேன். "எடுத்துடறேன் சார்" என்றாள். அடித்து வந்தபோது வரி அப்படியே இருந்தது. "மறந்துட்டேன் சார்" என்றாள். எட்டு வருடத்தில் ஒரு கமாவைக்கூட மறந்தவள் இல்லை.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊரில் கள்ளச்சாராயம் குடித்து ஜனங்கள் செத்தது எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் இன்னமும் ஒரு நொடி பேச்சை நிறுத்துகிறார்கள். அந்த வாரம் அச்சகத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் தவிர வேறு வேலை நடக்கவில்லை. பல பேருக்கு நல்ல போட்டோ கிடையாது. ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் இருந்த முகங்களை இவள்தான் ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து, பின்னால் நீல வானம் வைத்து, சட்டை வரைந்து கொடுத்தாள். அந்த மாதம் மால்ட் மன்றம் கூடவில்லை. துக்கத்தால் என்று எழுத ஆசைதான். மில் மாடியில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு தாளில் இருபத்துநான்கு லேபிள் விழும். ஒன்று போதும் என்றாலும் தாளை வீணாக்க மனமில்லாமல் முழுத் தாளையும் அடித்தேன். ஒன்றைப் பாட்டிலில் ஒட்டினோம். வெளியீட்டு விழாவைக் கல்வராயன் மலையிலேயே வைப்பதுதான் நியாயம் என்றார் வக்கீல். மில் முதலாளியின் சம்பந்தி கரியாலூரில் ஒரு விடுதி கட்டியிருந்தார். ஞாயிறு காலை கச்சிராயபாளையம் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் டாக்டர் இரண்டு முறை வாந்தி எடுத்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

விடுதியில் சமையலுக்கு மலைக்காரர் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதுக்காரர். பக்கத்துக் கிராமத்தில் சொந்தமாகச் சாமையும் மரவள்ளியும் போட்டிருந்தார், விருந்தாளி வந்தால் மட்டும் வந்து சமைப்பார். அவர் கோழிக்குழம்பு வைத்துக்கொண்டிருக்க, நாங்கள் பாறை மேல் பாட்டிலை வைத்துப் படம் எடுத்தோம். முன்பக்கம், பின்பக்கம், மேகத்தோடு ஒன்று. பிறகு ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினோம். டாக்டர் வெகுநேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, "ஈரப் பாறை" என்றார். வக்கீல், "ஆமா, ஒரு மூலிகையும் வருது" என்றார். எனக்கு முதலில் எரிந்தது.

முதலாளிக்குத் தாராள மனசு பொங்கிவிட்டது. சமையல்காரரைக் கூப்பிட்டு ஒரு டம்ளரில் எங்களுக்கு ஊற்றியதைவிட அதிகமாகவே ஊற்றி நீட்டினார்.

"குடிச்சிப் பாருங்க. ஒங்க மலை பேருதான் வச்சிருக்கோம்."

அவர் ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு டம்ளரை வாங்கினார். லேபிளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது எங்க மலையிலயா சார் காச்சுனது?"

"இல்ல இல்ல. ஃபாரின் சரக்கு. எல்லாம் கலந்தது."

"அப்ப இன்னாத்துக்கு சார் எங்க மலை பேரு?"

எல்லோரும் சிரித்தோம். அவரும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு டம்ளரோடு அடுப்படிக்குப் போனார்.

மலையிறங்கி சிக்னல் வந்ததும் மில் முதலாளி படத்தை அனுப்பினார். மன்றத்துக்கு அல்ல. அரிசி வியாபாரிகள் குழுவுக்கு. 'நம்ம ஊர்ச் சரக்கு, நம்ம பெருமை. விரைவில்' என்று எழுதியிருந்தார். 'விரைவில்' எதற்கு என்று பின்னால் கேட்டபோது, எந்தப் படத்துக்குக் கீழேயும் அப்படி ஒன்று போட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியதாம். அன்று மாலைக்குள் அவருக்கு இரண்டு பேர் ஏஜென்சி கேட்டு போன் செய்தார்கள். புதன்கிழமை அச்சகத்துக்குப் போலீஸ் வந்தது.

வந்தவர் ஒரு பெண் எஸ்.ஐ., கூடவே ஒரு கான்ஸ்டபிள். அதட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து போனில் அந்தப் படத்தைக் காட்டினார்.

"இது ஒங்க பிரஸ்ல அடிச்சதுங்களா?"

ஒரு நிமிடம் என்று சொல்லி வக்கீலுக்குப் போன் போட்டேன். "நான் கோர்ட்ல இருக்கேன்" என்று கிசுகிசுத்தார். "என் பேரச் சொல்லிடாதீங்க. சொல்லாம இருக்கறதுதான் ஒங்களுக்கும் நல்லது, சட்டப்படி." டாக்டருக்குப் போட்டேன். நோயாளி வாயைத் திறந்தபடி படுத்திருக்கிறார், அப்புறம் பேசுகிறேன் என்றார். மில் முதலாளியின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அந்தப் போன் அணைந்து நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

நான் "அது வந்துங்க மேடம்" என்று மூன்று முறை ஆரம்பித்தேன். டிசைன் பெண் எழுந்து வந்தாள். வேலைச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். மீதி லேபிள்களை எடுத்து எண்ணிக் காட்டினாள்.

"ஒரு தாளு மேடம். இருவத்திநாலு. இருவத்திமூணு இங்க கீது, ஒண்ணு அவங்க பாட்டில்ல. விக்கறதுக்கு இல்ல. நாலு பேரு சேந்து வெளாட்டுக்குப் பண்ணாங்க."

வெளாட்டுக்கு என்று அவள் சொன்ன விதத்தில், நான்கு பேருக்கும் சேர்த்து வயது ஒன்பது இருக்கும்போல இருந்தது.

எஸ்.ஐ. லேபிளைக் கையில் எடுத்து வாசிக்கத் தொடங்கினார். மன்றத்தில் ஒருவரும் எந்த லேபிளையும் அப்படி வாசித்ததில்லை.

"யாரு தயாரிச்சதுன்னு இல்ல. எங்கன்னு இல்ல. எவ்ளோ சதவீதம்னு இல்ல. பேட்ச் நம்பர் இல்ல. பன்னண்டுன்னு போட்டிருக்கீங்க, இன்னா அது?"

"வயசுங்க. சராசரி."

"சராசரியா?" கான்ஸ்டபிள் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். எஸ்.ஐ. சிரிக்கவில்லை. அடிவரியில் விரலை வைத்தார். "இந்த ஒரு வரிதான் இதுல உண்மை. இது யாரு போட்டது?"

டிசைன் பெண் மீதி லேபிள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "அது... நாங்கதாங்க" என்றேன். நான் செய்ததிலேயே கேவலமானது எது என்று கேட்டால் இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன்.

"சார், அன்னிக்கு ஜனங்க குடிச்சது வெறும் பிளாஸ்டிக் பாக்கெட்டு. ஒண்ணுமே எழுதல அதுல" என்றார் எஸ்.ஐ. "அத வாங்கறவனுக்காவது ஒரு பயம் இருக்கும். இத வேற எவனாவது ஒரு கெட்ட சரக்குல ஒட்டினா பயம்கூட இல்லாம குடிப்பான். அவ்ளோ அழகா அடிச்சிருக்கீங்க."

என் தொழிலில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அது முக்கியமானது. லேபிள்களை ஓர் உறையில் போட்டு எடுத்துக்கொண்டார். நான்கு பேரும் பாட்டிலோடு மறுநாள் ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்றார்.

போனோம். வக்கீல் எழுதிய விளக்கக் கடிதத்தில் மூன்று எழுத்துப்பிழை. அதைத் திருத்தி அடித்துக் கொடுத்ததும் அந்தப் பெண்தான். எஸ்.ஐ. பாட்டிலை ஆய்வுக்கு அனுப்பினார். அதில் என்னென்ன ஊற்றினீர்கள், எங்கே வாங்கியது என்று வரிசையாக எழுதச் சொன்னார். இங்கேதான் மில் முதலாளி நெளிய ஆரம்பித்தார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது உடைத்தார்.

"ஒரு பாட்டிலு மட்டும் பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு ஆளாண்ட வாங்கினது. பதினெட்டு வருசம்."

"கடையிலயா?" என்றார் வக்கீல்.

"ஆளாண்டதான். வெல கம்மியாக் குடுத்தான். சீலு கொஞ்சம் லூசா இருந்துச்சு."

"அந்தப் பதினெட்டா?" என்றார் டாக்டர். "உலர் அத்திப்பழம்னு எழுதினேனே, அதுவா?"

"பெட்டி நல்ல கனமா இருந்துச்சு டாக்டர்."

நாங்கள் நான்கு பேரும், உலகத்து லேபிளையெல்லாம் திருப்பிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர்கள், மரத்தடியில் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கண்ணைப் பார்த்தது பாசத்தால் இல்லை. கெட்ட சாராயம் முதலில் கண்ணைத்தான் எடுக்கும் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாளிலிருந்து மன்றத்தில் பாட்டில் படம் நின்றுபோனது. காலை ஆறு மணிக்கு டாக்டர் கேட்பார்: 'கண் எப்படி?' வக்கீல்: 'தெரிகிறது.' முதலாளி: 'தெரியுது, ஆனா கொஞ்சம் மங்கல். கண்ணாடி தொடச்சா செரியாயிடுது.' அந்தப் பதினெட்டைக் குடித்தே பல மாதம் ஆகிறது, அப்படிக் கோளாறு இருந்தால் ஒன்றிரண்டு நாளிலேயே தெரிந்துவிடும், கலந்ததைக் குடித்தும் ஒரு வாரம் ஆகிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் நீளமாக விளக்கி எழுதினார். எழுதிவிட்டு அன்று மத்தியானமே கண் டாக்டரிடம் போய்விட்டு வந்தார். நானும் பழைய காலண்டரைச் சுவரில் மாட்டி, தூரத்திலிருந்து ராகுகாலம் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் என் மனைவி, "இன்னா புதுசா பக்தி?" என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை டிசைன் பெண் என்னிடம் வந்தாள். கதை முழுவதும் அவளுக்குத் தெரியும்.

"சார், அந்தப் பாட்டில்ல நீங்க நாலு பேருதான குடிச்சீங்க? வேற யாருனா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு டம்ளரை வாங்கிய ஆள் கண்முன் வந்தார். மலையிலிருந்து இறங்கி ஒன்பது நாள். நான்கு படித்த, சம்பாதித்த, உலக ஞானமுள்ள மனிதர்கள் தினமும் காலையில் எட்டுக் கண்களைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறோம். ஐந்தாவது ஆளைப் பற்றி ஒருவருக்கும் நினைவு வரவில்லை. எங்களைவிட அதிகமாக அவருக்குத்தான் ஊற்றியிருந்தோம்.

முதலாளிக்குப் போன் செய்து சமையல்காரரின் நம்பர் வாங்கினேன். 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று வந்தது. மலையில் அது சாதாரண விஷயம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இன்னும் நான்கு முறை போட்டுப் பார்த்தேன். குழுவில் எழுதினேன். வக்கீல், 'நாமாகப் போய் விசாரித்தால் ஒப்புக்கொண்டது போல ஆகும்' என்று எழுதினார். டாக்டர் இரண்டு கூப்பிய கைகளைப் போட்டார். நான் பைக்கை எடுத்தேன்.

"இருங்க சார்" என்று அந்தப் பெண் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து பையில் வைத்தாள். "மெதுவாப் போங்க. அவசரப்பட்டு இன்னா ஆவப்போவுது இனிமே." ஆறுதல் சொன்னாளா, குத்தினாளா என்று கோமுகி அணை வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன்.

அந்த வளைவுகளில் எத்தனை விதமாக அவரை நான் சாகடித்தேன் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு போஸ்டர் தெரிந்தது. நீல வானம், வரைந்த சட்டை. அவர் முகமே எனக்குச் சரியாக நினைவில்லை என்பது மேலே ஏற ஏறத்தான் உறைத்தது. கோழிக்குழம்பு நினைவிருந்தது. காரம் கொஞ்சம் ஜாஸ்தி.

விடுதி பூட்டியிருந்தது. டீக்கடையில் கேட்டேன். "அவரா? வூட்டாண்டதான் இருப்பாரு. ரெண்டு நாளா இந்தப் பக்கம் வரல" என்றார்கள். ரெண்டு நாளா வரல என்றதும் டீயை அப்படியே வைத்துவிட்டேன். மண்பாதையில் கால்மணி நேரம் நடந்து, மரவள்ளிக் கொல்லையைத் தாண்டியதும் வீடு. வாசலில் ஒரு கன்றுக்குட்டியின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் குந்தியிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கண்ணு தெரியுதா?" என்றேன். வணக்கம் சொல்லத் தோன்றவில்லை.

"இன்னா சார்?"

"ஒங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுங்களா?"

அவர் குழம்பிப்போய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தெரியுதே சார். நீங்க அன்னிக்கு வந்த பிரஸ்கார சார்தான?"

வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். லூசான சீல், போலீஸ், காலையில் கண் பார்ப்பது. கேட்டுக்கொண்டே கன்றின் காலை நீவிக்கொண்டிருந்தார்.

"நான் குடிக்கலியே சார்."

"ஊத்திக் குடுத்தோமே?"

"குடிக்கறத உட்டு ரொம்ப வருசம் ஆச்சு. மொதலாளி ஆசயா நீட்டுனாரு, வேணான்னா மூஞ்சி மாறிடும்னு வாங்கிக்கினேன். கொட்டறதுக்கும் மனசு வரல. இதுக்குக் கால் வீங்கிக்கினு இருந்துச்சா, எடுத்தாந்து தேச்சி உட்டேன்." கன்றை ஒரு தட்டுத் தட்டினார். "நல்லா கேட்டுது சார். அதுல மிச்சம் இருக்குதா?"

நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. அவர் மனைவி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். பாட்டில் போலீசிடம் இருக்கிறது என்றேன். ஐயோ பாவம் என்கிற மாதிரி உச்சுக்கொட்டினார். எனக்காகவா, பாட்டிலுக்காகவா என்று கேட்கவில்லை.

கிளம்பும்போது மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். "ஒம்போது நாளு நெனப்பே வரலீங்க" என்றேன். பெருந்தன்மையாக ஒரு வார்த்தை சொல்லி என்னை விடுவித்திருக்கலாம். சொல்லவில்லை. மரவள்ளிக் கிழங்கு நான்கைந்து பிடுங்கி, மண்ணோடு ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். "வூட்ல வேக வச்சித் துன்னுங்க. நம்ம கொல்லையில வெளஞ்சது" என்றார்.

ஆய்வு முடிவு வர மூன்று வாரம் ஆனது. எஸ்.ஐ. என்னைத்தான் போனில் கூப்பிட்டார். "விஷம் ஒண்ணும் இல்லீங்க. எச்சரிச்சி அனுப்பச் சொல்லிட்டாங்க. இனிமே பீடிக்கட்டுக்குக்கூட லைசென்ஸ் பேப்பர் பாக்காம லேபிள் அடிக்காதீங்க" என்றார். போனை வைக்கப்போனவர், "ஒண்ணு மட்டும் போட்டிருக்காங்க. நெறத்துக்குக் கருக்கின சக்கர சேத்திருக்குதாம்" என்றார். அதை அப்படியே குழுவில் எழுதினேன். உயிர் பிழைத்த சந்தோஷத்தில் மற்ற இருவரும் கைதட்டும் பொம்மை போட்டார்கள். டாக்டர் இரண்டு நாள் எதுவும் எழுதவில்லை. செத்திருந்தால்கூட அவ்வளவு வருத்தப்பட்டிருப்பாரா என்பது சந்தேகம்.

நான் மலைக்குப் போய்வந்ததைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னபோது மில் முதலாளி, "நல்ல சரக்கு போய் மாட்டுக்காலுக்கு ஆச்சே" என்றார். வக்கீல், அவர் குடிக்கவில்லை என்பதை எழுதி வாங்கினேனா என்று கேட்டார்.

ஒரு மாதம் அடங்கியிருந்தார்கள். பிறகு டாக்டர் ஒரு காப்பிக்கொட்டைப் பாக்கெட்டின் படத்தைப் போட்டார். ஒரே தோட்டத்துக் கொட்டையாம். பின்பக்கம் திருப்பச் சொல்லி வக்கீல் எழுதினார். வறுத்த தேதி போடாத காப்பி பற்றி அவருக்குக் கடுமையான கருத்து இருப்பது தெரியவந்தது. முதலாளி டப்பா கனமாக இருக்கிறதா என்று கேட்டிருந்தார்.

நான் குழுவிலிருந்து வெளியேறினேன். வீராப்பு ஒன்றும் இல்லை. காப்பியிலும் எனக்கு வித்தியாசம் தெரியாது. அடுத்த நாள் அச்சகத்தில் அந்தப் பெண்ணிடம், அன்றைக்கு எஸ்.ஐ. கேட்டபோது அந்த வரியை நீதான் போட்டாய் என்று நான் சொல்லியிருக்க வேண்டும், நாங்கள் என்று முந்திக்கொண்டது தப்பு என்றேன். அவள் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாமன்மார் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவால்ல சார்" என்றாள். "இதுல தாய்மாமன் பேரு ரெண்டு தபா வந்திருக்குது. வூட்டுக்காரங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க."

போனை எடுத்தேன்.